வானவில் லேஸ் முதல் கேப்டன் பட்டை வரை: எதை வாங்கலாம், எது வம்பில் கொண்டுபோய் விடும்

பால்புதுமையினருக்கு (LGBTQ+; வானவில் நிறம் அவர்களின் அடையாளம்) ஆதரவாகவோ இனவெறிக்கு எதிராகவோ மைதானத்தில் ஓர் அடையாளம் காட்ட வேண்டும் என்று ஓர் அணி முடிவெடுத்துவிட்டால், சந்தையில் பொருளுக்குப் பஞ்சமில்லை. வானவில் லேஸ், கேப்டன் பட்டை, வண்ண முதுகு எண், பேட்ச், வார்ம்-அப் ஜெர்சி, ஐஸ் ஹாக்கி மட்டைக்குச் சுற்றும் டேப், தொப்பி, ஜாக்கெட் என்று வரிசை நீளும். துணி எப்படி, சாயம் நிற்குமா, துவைத்தால் என்ன ஆகும் என்பது எந்த விளையாட்டுப் பொருளின் மதிப்புரையிலும் வரும். இங்கேயும் வரும். ஆனால் இந்த வகைக்கு மட்டும் கூடுதலாக ஒரு சோதனை வைக்க வேண்டியிருக்கிறது: அணியில் ஒருவர் "நான் போடமாட்டேன்" என்று சொன்னால், அந்தப் பொருள் அவரை என்ன செய்ய வைக்கும்? ஆட்டத்தை விட்டே ஒதுங்க வைக்குமா, டேப் ஒட்டி மறைக்க வைக்குமா, இல்லை வழக்கமானதைப் போட்டுக்கொண்டு பேசாமல் ஆட விடுமா?

கடந்த சில ஆண்டுகளில் நடந்த மறுப்புகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். வீரர்கள் சொன்ன காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், மதம். ஆனால் ஓரிடத்தில் ஏழு பேர் ஆட்டத்தையே விட்டார்கள், இன்னோரிடத்தில் ஐந்து பேர் வழக்கமான தொப்பியை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வித்தியாசத்தைப் பெரும்பாலும் பொருளும் அதைக் கொடுத்த விதமும்தான் உண்டாக்கின. வாங்குபவர் கையில் இருப்பதும் அந்த இரண்டுதான்.

முதுகு எண்: வாங்கவே வேண்டாம்

பார்க்க அழகான தேர்வு இது. தொலைவிலிருந்து தெரியும், தனியாக ஒன்றும் மாட்ட வேண்டியதில்லை, புகைப்படத்தில் பளிச்சென்று விழும். ஆனால் மேலே சொன்ன சோதனையில் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். எண் இல்லாத ஜெர்சியோடு யாரும் களமிறங்க முடியாது. வண்ண எண் வேண்டாம் என்பவருக்கு இரண்டே வழி: போடு, இல்லையென்றால் ஆடாதே.

பிரான்ஸின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான லீக் 1 இதற்குக் கொடுத்த விலை எல்லோருக்கும் தெரியும். 2022 மே மாதம் பாரிஸ் அணியான பி.எஸ்.ஜி-யின் இத்ரிசா கெயே, வானவில் எண் போட்டு ஆட வேண்டிய மான்ட்பெல்லியே ஆட்டத்தில் இறங்கவில்லை. பயிற்சியாளர் சொன்னது "தனிப்பட்ட காரணம்" என்று மட்டும். வாரக்கணக்கில் அதுவே பேச்சாக இருந்தது. அடுத்த ஆண்டு துலூஸ் கிளப் நான்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஒருவரை அல்ல, பலரைச் சேர்க்காமல் விட்டது. எதிரணியான நான்ட்டிலும் மொஸ்தஃபா மொஹமத் ஆடவில்லை, அவருக்குக் கிளப் அபராதம் போட்டது. அமெரிக்காவில் கால்பந்து வீராங்கனை ஜேலின் டேனியல்ஸ் 2017-இல் தேசிய அணி அழைப்பையே ஏற்காததற்கும் பொருள் இதே வானவில் எண்தான்.

தொழில்நுட்பமாகவும் இது சிரமமான பொருள். பாலியஸ்டர் ஜெர்சியில் எண்ணை 130 முதல் 150 டிகிரி வரை சூட்டில் 10–15 விநாடி ஹீட் பிரஸ்ஸில் அழுத்துவார்கள். ஆறு வண்ணமும் ஒரே எண்ணில் வந்தால் பின்னணி எதுவானாலும் ஏதாவது ஒரு வண்ணம் செத்துவிடும். வெள்ளை ஜெர்சியில் மஞ்சள் காணாமல் போகும், கருநீலத்தில் ஊதாவும் நீலமும் காணாமல் போகும். ரெஃப்ரிக்கு 8 எது, 3 எது என்று தெரியாது. ஓரத்தில் தடித்த ஒற்றை நிறக் கோடு கட்டாயம் வேண்டும். சிவப்பு ஜெர்சி என்றால் இன்னொரு தலைவலி: துணியின் சாயம் சூட்டில் கிளம்பி மேலே ஒட்டிய படலத்துக்குள் ஏறும். ஒட்டிய அன்று மஞ்சளாக இருந்த பட்டை சில நாளில் ஆரஞ்சாகிவிடும். சாயத் தடுப்பு அடுக்குள்ள படலம்தான் கேட்டு வாங்க வேண்டும். கடைசி நேரத்தில் "சரி, இவருக்கு மட்டும் பிரித்துவிட்டு வழக்கமான எண் ஒட்டலாம்" என்று நினைத்தால் நடக்காது. பழைய எண்ணின் தடம் பசையோடு நிழலாக நிற்கும், அதன் மேல் புதிது சரியாகப் பிடிக்காது.

பிறகு லீக் 1 எண்ணை விட்டுவிட்டுப் பேட்சுக்கு மாறியது. ஒருபடி மேல், அவ்வளவுதான். 2024 மே 19 அன்று மொனாக்கோவின் முகமது கமரா வெள்ளை டேப்பால் அந்தப் பேட்சை மூடிக்கொண்டு நான்ட்டுக்கு எதிராக ஆடினார், பெனால்டியில் கோலும் போட்டார். நான்கு ஆட்டத் தடை வந்தது. பேட்ச் இல்லாத ஜெர்சி ஒன்று பையில் இருந்திருந்தால் அந்த டேப்புக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் லீக் விதி எல்லோரும் அணிய வேண்டும் என்று சொல்லும்போது பையில் எத்தனை ஜெர்சி இருந்து என்ன. மறுப்பவரை மறைக்க வைக்கும் பேட்ச், பேட்ச் இல்லாததைவிடப் பத்து மடங்கு கேமராவை இழுக்கும். 2025-இலும் அதே டேப் வேலை அங்கே திரும்ப நடந்தது.

முழு ஜெர்சி: மேன்லி பாடம்

ஆஸ்திரேலிய ரக்பி லீக் அணியான மேன்லி சீ ஈகிள்ஸ் 2022 ஜூலையில் கொண்டுவந்த ஜெர்சியை வடிவமைப்பாக மட்டும் பார்த்தால் குறை சொல்ல முடியாது. அணியின் மெரூன் அப்படியே இருக்க, வழக்கமாக வெள்ளைக் கோடு ஓடும் இடங்களில் வானவில் நிறம். அடக்கமான வேலை. அணிக்கு அந்த நிறத்தோடு உறவும் இருந்தது. 1995-இல் தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன இயன் ராபர்ட்ஸ் அங்கே ஆடியவர்தான். ரசிகர்கள் ஜெர்சியை வாங்கித் தீர்த்தார்கள்.

தவறு தையலில் இல்லை, வரிசையில். ஜெர்சி வெளியானது முதலில், வீரர்களிடம் பேச்சு அதற்குப் பிறகு. ஏழு பேர் போட மறுத்தார்கள். ஒரே ஆட்டத்தில் ஒரே சீருடை என்பதால் ஏழு பேருமே ஜூலை 28 அன்று சிட்னி ரூஸ்டர்ஸுக்கு எதிராக ஆட முடியவில்லை. பயிற்சியாளர் டெஸ் ஹாஸ்லர் பத்திரிகையாளர்கள் முன் வந்து, கலந்து பேசாமல் செய்தது பிழை என்று இரண்டு பக்கத்திடமும் மன்னிப்புக் கேட்டார். 20–10 என்று தோல்வி. அடையாளம் யாருக்காகவோ அவர்களுக்கும் காயம், மறுத்தவர்களுக்கும் காயம்.

சப்ளிமேஷன் ஜெர்சி எது வாங்கினாலும் இந்த ஆபத்து கூடவே வரும். சாயம் இழைக்குள்ளேயே இறங்கிவிடுவதால் உரிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. நிறம் நன்றாக நிற்பது நல்ல விஷயம்தான், ஐம்பது துவையலுக்கும் அசையாது. ஆனால் அணி முழுக்க மனமொத்து இருக்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் இதற்குப் பணம் கட்டலாம். தயாராகி வர ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்பது அதற்கும் முன்னால் நடக்க வேண்டும்.

கேப்டன் பட்டை

கால்பந்தில் அதிகம் விற்பது இதுதான், அதிகம் சிக்குவதும் இதுதான். விலை குறைவு, ஒன்றே ஒன்று போதும், அடுத்த வாரமே கிடைக்கும். இந்தச் சௌகரியத்துக்குள்தான் கண்ணி இருக்கிறது. இருபத்தைந்து பேர் கொண்ட அணியின் மொத்தக் கருத்தையும் ஒரே ஒருவரின் கையில் கட்டுகிறோம்.

முதலில் பொருள். அகலம் 6–7 செ.மீ. இருந்தால் வண்ணம் தெளிவாகத் தெரியும். எலாஸ்டிக்கின் மேல் ஸ்கிரீன் பிரிண்ட் போட்ட பட்டை வேண்டாம். கை புடைக்கும்போது துணி விரியும், மை விரியாது, முதல் நாளே வெடிப்பு விழும். நூலிலேயே வண்ணம் நெய்த பட்டை அல்லது சப்ளிமேஷன் பட்டை நிற்கும். மூடிய வளையமாக வருவதைவிட வெல்க்ரோ வைத்தது மேல், ஏனென்றால் இது ஆட்டத்தின் நடுவே கை மாறும் பொருள். உட்புறம் சிலிக்கான் கோடு இல்லாவிட்டால் வியர்வையில் முழங்கை வரை வழுக்கும். அப்புறம் கேப்டன் அதன் மேல் டேப் சுற்றுவார், சுற்றினால் பாதி வண்ணம் மறைந்துவிடும். வெளிர் நிறப் பட்டை அகலமாக உள்ள வடிவமும் வேண்டாம் என்பது எங்கள் அனுபவ ஆலோசனை, காரணம் கீழே.

இப்போது விதி. 2024–25 பருவத்திலிருந்து கால்பந்து ஆட்ட விதிகளில் கேப்டன் பட்டைக்குத் தெளிவான வரையறை உண்டு. போட்டி நடத்துபவர் கொடுத்த அல்லது அனுமதித்த பட்டையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒற்றை நிறப் பட்டையாக இருக்க வேண்டும். ஒற்றை நிறப் பட்டையில் கேப்டன் என்ற சொல்லோ அதன் முதலெழுத்தோ இருக்கலாம், அதுவும் ஒரே நிறத்தில். ஆகவே வானவில் பட்டை உங்கள் பையில் இருப்பதால் மட்டும் செல்லாது, போட்டி நடத்துபவரின் அனுமதி எழுத்தில் கையில் இருக்க வேண்டும். 2022 கத்தார் உலகக்கோப்பையில் இங்கிலாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து உட்பட ஏழு ஐரோப்பிய அணிகள் ஒன்லவ் என்ற, பாகுபாட்டுக்கு எதிரான பல வண்ணப் பட்டையை அணிவதாக அறிவித்திருந்தன. அணிந்தால் கேப்டனுக்கு மஞ்சள் அட்டை என்று ஃபிஃபா சொன்னதும் நவம்பர் 21 அன்று, ஆட்டத்துக்குச் சில மணி நேரம் இருக்கையில், ஏழு அணிகளும் பின்வாங்கின. மாதக்கணக்கில் செய்த விளம்பரம் ஒரே காலையில் காலி. அனுமதி இல்லாமல் அறிவிப்பு வேண்டாம்.

மறுப்பு வந்தால்? பட்டை எண்ணைப் போல ஆளை வெளியே தள்ளாது. 2022 அக்டோபரில் ஃபெயனோர்ட் கேப்டன் ஓர்குன் கோக்சு ஒன்லவ் பட்டை வேண்டாம் என்றார், மதம் காரணம் என்றும் சொன்னார், ஆனால் ஆட்டத்தை விடவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தை ஒட்டிய வாரத்தில் இங்கிலீஷ் பிரீமியர் லீக் கேப்டன்களுக்கு வானவில் பட்டை வந்தது. இப்ஸ்விச் கேப்டன் சாம் மோர்சி வழக்கமான பட்டையைக் கட்டிக்கொண்டார். கிளப் அவர் முடிவை மதிப்பதாக அறிக்கை விட்டது, அடையாள நிகழ்ச்சியில் அணியின் பங்கு தொடர்கிறது என்றும் சொன்னது. மறுத்ததால் அவர் ஆட்டத்தை இழக்கவில்லை. பேச்சு எழுந்தது, ஆனால் வேலை கெடவில்லை. அதே வாரத்தில் கிரிஸ்டல் பேலஸ் கேப்டன் மார்க் கேஹி பட்டையைக் கட்டிக்கொண்டார், ஆனால் அதன் மேல் பேனாவால் இயேசுவின் பெயரை எழுதினார். சீருடையில் மத வாசகம் கூடாது என்பது விதி. கால்பந்து சங்கம் நினைவூட்டியது, அடுத்த ஆட்டத்தில் வேறு வாசகம் எழுதி வந்தார், முறையான நடவடிக்கை எதுவும் வரவில்லை. வெளிர் பட்டை வேண்டாம் என்றது இதனால்தான். வெள்ளைப் பரப்பைப் பார்த்தால் மார்க்கருக்குக் கை துறுதுறுக்கும்.

பட்டை வாங்கும் பலர் யோசிக்காத இடம் ஒன்று உண்டு. கேப்டனை 65-வது நிமிடத்தில் மாற்றுகிறார்கள். பட்டை துணைக் கேப்டனுக்குப் போகிறது. அவருக்கு விருப்பமா என்று யார் கேட்டார்கள்? நடு மைதானத்தில், கேமரா முன்னால், கையில் வாங்கிய பட்டையைத் திருப்பிக் கொடுப்பது போல மோசமான காட்சி இல்லை. ஆகவே கேப்டன், துணைக் கேப்டன், அதற்கடுத்தவர் என்று மூன்று பேரிடமும் முன்பே கேட்டு வையுங்கள். பெஞ்ச் ஓரத்தில் ஒற்றை நிறப் பட்டை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். கேப்டன் மறுத்தால் அன்றைக்கு மட்டும் பதவியை வேறொருவருக்கு மாற்றுவது நல்ல யோசனை போலத் தோன்றும். செய்யாதீர்கள், அது தண்டனையாகத்தான் படிக்கப்படும்.

மதிப்பெண் பத்துக்கு ஆறு. அனுமதியும் மாற்றுப் பட்டையும் இருந்தால் ஏழு.

வார்ம்-அப் ஜெர்சியும் மட்டை டேப்பும்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்-இல் வார்ம்-அப் ஜெர்சி புத்திசாலித்தனமான யோசனையாகத்தான் தொடங்கியது. ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் மட்டும் வண்ண ஜெர்சி, ஆட்டத்தில் வழக்கமான ஜெர்சி, பிறகு கையெழுத்திட்டு ஏலம், பணம் தொண்டுக்கு. அடையாளமும் ஆயிற்று, நிதியும் ஆயிற்று, ஆட்ட விதியும் மீறப்படவில்லை.

2023 ஜனவரி 17 அன்று ஃபிலடெல்ஃபியா ஃபிளையர்ஸ் அணியின் இவான் ப்ரொவோரோவ் தன் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் நம்பிக்கையைச் சொல்லி வார்ம்-அப்புக்கே வரவில்லை. பிறகு ஆட்டத்தில் 22 நிமிடத்துக்கு மேல் ஆடினார், அணி வென்றது. ஆடும் உரிமை பறிபோகவில்லை, அந்த அளவுக்கு இந்தப் பொருள் எண்ணைவிட மேல். ஆனால் எல்லோரும் பனியில் சறுக்கும்போது ஒருவர் மட்டும் அறைக்குள் இருப்பது ஒளிவுமறைவாக நடக்கிற காரியமில்லை. மார்ச்சில் சான் ஹோசே கோல்கீப்பர் ஜேம்ஸ் ரைமரும், ஃபுளோரிடாவின் ஸ்டால் சகோதரர்களும் அதே வழியில் போனார்கள். இடையில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் ரசிகர்களிடம் அறிவித்துவிட்டு, அன்று மாலை எல்லோருமே வழக்கமான ஜெர்சியில் வந்தது. அறிவிக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு கெட்ட பெயர் வந்திருக்காது. 2023 ஜூனில் லீக் எல்லா வகைச் சிறப்பு வார்ம்-அப் ஜெர்சிகளையுமே நிறுத்தியது, ராணுவத்தினருக்கானது, புற்றுநோய் விழிப்புணர்வுக்கானது எல்லாம் சேர்த்து. நெல்லுக்கு இறைத்த நீரை நிறுத்தப் போய்ப் புல்லும் காய்ந்தது.

டேப் கதை வேறு. பிரைட் டேப் என்ற வானவில் டேப் கனடாவின் எட்மன்டனில் உருவானது, 2016-இல் எட்மன்டன் ஆய்லர்ஸ் வீரர்கள் ஒரு திறன் காட்சி நிகழ்ச்சியில் அதைப் பயன்படுத்தினார்கள். ஹாக்கி மட்டைக்கு டேப் சுற்றுவது ஒவ்வொரு வீரரின் சொந்த வேலை. ஒருவர் குதியிலிருந்து (மட்டையின் தட்டை தண்டோடு சேரும் இடம்) நுனிக்குச் சுற்றுவார், ஒருவர் நுனியில் மட்டும் சுற்றுவார், கருப்பா வெள்ளையா என்பதில் ஆளுக்கு ஒரு மூடநம்பிக்கை. அந்தச் சொந்த வட்டத்துக்குள் வண்ணமும் ஒரு தேர்வாக நுழைந்துவிடுகிறது. வேண்டாதவர் எதையும் மறுக்க வேண்டியதே இல்லை, வழக்கம் போலச் சுற்றிக்கொள்வார். எதிர்மாறான வேடிக்கை 2023 அக்டோபரில் நடந்தது: லீக் அந்த டேப்பையும் தடுத்தது, அரிசோனாவின் டிராவிஸ் டெர்மட் 21-ஆம் தேதி தடையை மீறித் தன் மட்டையில் சுற்றி வந்தார், 24-ஆம் தேதி தடையே போனது. தேர்வு தனிமனிதருடையது என்றால் கட்டாயப்படுத்துவதும் கஷ்டம், தடுப்பதும் கஷ்டம்.

சுற்றும் முறை: ஏறத்தாழ 2.5 செ.மீ. அகலத் துணி டேப். குதியில் தொடங்கி நுனி நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். ஒரு மட்டைக்குச் சுமார் 3 மீட்டர் போகும். வண்ணங்கள் டேப்பின் நீளவாக்கில் ஓடினால், பாதி மேல்படியும்போது பாதி வண்ணம் கீழே போய்விடும், மூன்று நிறம்தான் மிஞ்சும். முழு வானவில் தெரிய வேண்டுமானால் மேல்படிவைக் கால்வாசியாகக் குறைக்கலாம், ஆனால் பிடிமானம் குறையும். வார்ம்-அப்புக்கு அது போதும். ஆட்டத்துக்கு முன் உரித்துவிட்டு மெழுகு தேய்த்த வழக்கமான டேப்புக்குத் திரும்புவதே நடைமுறை. உரித்த பசையைச் சுரண்ட ஐந்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பத்துக்கு ஒன்பது கொடுக்கலாம். ஐஸ் ஹாக்கிக்கு வெளியே உதவாது என்பதுதான் குறை.

லேஸ்

கால்பந்துக்கு டேப் எப்படியோ அப்படித்தான் லேஸ். பூட்ஸ் வீரருடையது, பல நேரம் அவருடைய தனி ஒப்பந்தத்துக்குள் வருவது. சீருடை விதிகள் லேஸின் நிறத்தில் தலையிடுவதில்லை. 2013 செப்டம்பரில் பால்புதுமையினர் உரிமைக்கான ஸ்டோன்வால் அமைப்பும் பேடி பவர் பந்தய நிறுவனமும் சேர்ந்து பிரிட்டனின் 134 தொழில்முறைக் கிளப்புகளுக்கும் வானவில் லேஸ் அனுப்பின. முன்கூட்டிப் பேசவில்லை என்று சில கிளப்புகள் ஒதுங்கின. இங்கும் அதே வரிசைப் பிழைதான், ஆனால் எந்த வீரரும் ஆட்டத்தை இழக்கவில்லை. 2017-இல் பிரீமியர் லீக் ஸ்டோன்வாலோடு கைகோர்த்தது, 2025-இல் அந்தக் கூட்டு முடிந்தது.

வாங்கும்போது நீளத்தில்தான் முதல் தவறு நடக்கும். பழைய லேஸைக் கழற்றி அளந்து எழுதிக்கொண்டு வாங்குங்கள். பெரியவர்களின் கால்பந்து பூட்ஸுக்குப் பெரும்பாலும் 110 முதல் 130 செ.மீ. வரை வரும். ஒரே நீளத்தில் மொத்தமாக வாங்கினால் பாதிப் பேருக்கு முடிச்சுக்கு எட்டாது, பாதிப் பேருக்கு வால் தொங்கும். தட்டை லேஸ் மேல். உருண்டையானது ஈரத்தில் அவிழும். பின்னல் துணியில் சின்னக் கண் வைத்த பூட்ஸில் தடித்த லேஸ் நுழையாது, நுனிப் பிளாஸ்டிக் பிதுங்கிவிடும். வெள்ளை லேஸின் மேல் அச்சிட்டது மலிவு, ஆனால் இழுத்துக் கட்டும்போது இழை விரிந்து உள்ளே வெள்ளை பல்லிளிக்கும். வண்ண நூலில் நெய்ததே வாங்குங்கள். புது லேஸ் முதல் நாள் தளரும், ஆகவே ஆட்டத்துக்கு இரண்டு பயிற்சிக்கு முன்பே கோத்துவிட வேண்டும். லேஸ் இல்லாத பூட்ஸ் அணிபவர்களுக்கு வழியில்லை. ஒருவகையில் அது நல்லதும்கூட: யார் மறுத்தார், யாருக்குக் கோக்க இடமில்லை என்று பார்வையாளருக்குத் தெரியாது.

குறையும் அங்கேதான். மேல் வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு லேஸ் தெரியாது. யாருக்காக இந்த ஏற்பாடோ அவர்களில் ஒருவர் அரங்கில் இருந்தால், "ஒன்றுமே செய்யவில்லையே" என்று தோன்றலாம். மைதானக் கொடி, மூலைக் கொடி, பந்து வைக்கும் மேடை, பெரிய திரை ஆகியவற்றை இதோடு சேர்த்தால் அந்தக் குறை தீரும். இவையெல்லாம் கிளப்பின் சொத்து, யார் உடம்பிலும் ஏறாதவை. எங்கள் பார்வையில் கொடியும் லேஸும் சேர்ந்த ஜோடியே இந்தப் பட்டியலில் சிறந்தது.

தொப்பியும் ஜாக்கெட்டும்

டாம்பா பே ரேஸ் பேஸ்பால் அணி 2022 ஜூன் 4 அன்று வானவில் எழுத்துள்ள தொப்பியும் சட்டைக் கையில் ஒட்டும் சூரியக் கதிர் பேட்சும் கொடுத்தது, விருப்பமில்லாதவர்க்கு வழக்கமான தொப்பியையும் அனுமதித்தது. ஐந்து பந்துவீச்சாளர்கள் வழக்கமானதை எடுத்துக்கொண்டார்கள். செய்தியானது, விவாதமானது. ஆனால் யாரும் வெளியே உட்காரவில்லை, யாரும் எதையும் டேப்பால் மறைக்கவில்லை. இரண்டு பதிப்பும் தயாராக வைத்திருந்ததன் பலன்.

ஜாக்கெட் நேர் எதிர். 2024 டிசம்பர் 1 அன்று மான்செஸ்டர் யுனைடெட் எவர்ட்டனுக்கு எதிராகக் களம் புகும்போது அணிய வேண்டிய வண்ண ஜாக்கெட்டை நுசைர் மஸ்ராவி மறுத்ததாகச் செய்தி வந்தது. ஒருவர் மட்டும் தனித்துத் தெரியக் கூடாது என்று அணி முழுவதுமே அதை விட்டுவிட்டது. வரிசையாக நடந்து வரும்போது ஒரே மாதிரி தெரிவதற்காகவே உள்ள பொருள் என்பதால், ஒருவர் இல்லையென்றால் எல்லோரும் இல்லை. வாங்காதீர்கள்.

பொருளே இல்லாத அடையாளம்

இனவெறிக்கு எதிராக ஆட்டத்துக்கு முன் முழங்காலிடுவதற்குச் செலவு இல்லை, அளவு பார்க்க வேண்டாம். அதனாலேயே முன்னேற்பாடும் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். 2021 டி20 உலகக்கோப்பையில் தென்னாப்பிரிக்க வீரர்களுக்கு முதலில் மூன்று தேர்வு இருந்தது: முழங்காலிடலாம், முஷ்டி உயர்த்தலாம், நேராக நிற்கலாம். அக்டோபர் 26 அன்று துபாயில் வெஸ்ட் இண்டீஸ் ஆட்டத்துக்கு முன், எல்லோரும் முழங்காலிட வேண்டும் என்று வாரிய உத்தரவு வந்தது. குவின்டன் டி காக் ஆட்டத்திலிருந்து விலகினார். இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார், தன் குடும்பமே கலப்பினக் குடும்பம் என்று அதில் சொன்னார், அடுத்த ஆட்டத்தில் முழங்காலிட்டார். அவருடைய மனத்தாங்கல் செயலின் மீது இல்லை, ஆட்ட நாளில் வந்த கட்டளையின் மீது. கிரிஸ்டல் பேலஸ் வீரர் வில்ஃப்ரிட் சாஹா 2021 மார்ச்சில் முழங்காலிடாமல் நின்றபோது பிரீமியர் லீக்கில் அதைத் தடுக்க எந்த உத்தரவும் இல்லை. அவர் கறுப்பினத்தவர், அந்தச் செயல் வெறும் சடங்காகிவிட்டது என்று நினைத்தவர். மறுப்பவர் எல்லோரும் எதிர்ப்பக்கம் என்று கணக்குப் போடுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

ஆர்டர் போடும் முன்

ஆட்ட நாளுக்கு எட்டு வாரம் முன்பு தொடங்குங்கள், முழு ஜெர்சி என்றால் அதற்கும் முன்னால். ஒவ்வொரு வீரரிடமும் தனியாகக் கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைப்பது கேட்பது ஆகாது, மாட்டிவிடுவது ஆகும். கேட்பவர் பயிற்சியாளராக இருக்கக் கூடாது. அணியைத் தேர்ந்தெடுப்பவர் கேட்டால் "சரி" என்ற பதிலுக்கு அர்த்தமில்லை. மேலாளரோ வீரர்களின் பிரதிநிதியோ கேட்கலாம். காரணம் கேட்க வேண்டாம். ஒரு வரி மட்டும் எழுத்தில் கொடுங்கள்: அணிவதும் அணியாததும் தேர்வைப் பாதிக்காது. இதே அறையில் வெளியே சொல்லாத பால்புதுமை வீரர் ஒருவர் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். மறுத்தவர்களின் எண்ணிக்கையைக்கூட அறையில் பேசக் கூடாது என்பது முக்கியமாக அவருக்காக.

அறிவிப்பில் "முழு அணியும் அணியும்" என்று எழுதாதீர்கள். "கிளப் இந்த வாரத்தை அனுசரிக்கிறது, வீரர்கள் விருப்பப்படி அணிவார்கள்" என்பது போதும். முதல் வாக்கியம் எழுதினால் அணியாத ஒருவர் செய்தி ஆவார். இரண்டாவது எழுதினால் அணிந்தவர்கள் செய்தி ஆவார்கள்.

இருபது பேர் அணிக்கு, கேட்டுத் தெரிந்த எண்ணிக்கைக்கு மேல் நாலு ஜோடி லேஸ் அதிகம், இரண்டு நீளங்களில். வானவில் பட்டை இரண்டு, ஒற்றை நிறப் பட்டை இரண்டு. பேட்ச் வேண்டுமென்றே தீர்மானித்தால் வெல்க்ரோ வகை, ரக்பி போன்ற இழுபறி ஆட்டத்துக்கு அதுவும் கூடாது, முதல் டேக்கிளிலேயே பிய்ந்து போகும். பேட்ச் இல்லாத ஜெர்சி ஒவ்வொரு அளவிலும் ஒன்று. ரெஃப்ரியிடம் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பட்டையையும் அனுமதிக் கடிதத்தையும் காட்டிவிடுங்கள். துவைக்கும்போது பட்டையின் வெல்க்ரோவை மூடிப் போட வேண்டும். திறந்தபடி லேஸோடு போட்டால் அடுத்த ஆண்டுக்கு லேஸ் மிஞ்சாது.